நான் செத்துப்போனது எந்த மேசையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்டோனி க்ரீக் சாலை எல்டன் ப்ரூயிட் வணக்கத்துடன் எழுதுவது. உயிரோடிருக்கும் என்னை நம் கவுண்டி உயில் அலுவலகம் செத்தவன் ஆக்கி, முத்திரை வைத்து நான் ஒப்படைத்திருந்த உயிலைப் பிரித்து, உறவினர் எல்லோருக்கும் தெரிவித்துவிட்டது. தாங்களும் இரங்கல் செய்தி போட்டீர்கள். தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் சௌக்கியம்தான், அதுதான் இப்போது வழக்கே.

நம் ஊரில் உயிரோடு இருக்கும்போதே உயிலை உறையிலிட்டு அலுவலகப் பெட்டகத்தில் வைப்பது வழக்கம். நாடீன் ஓக்ஸ் அம்மாள் அங்கே இருந்தவரை, இருப்பவர்களின் உறை கீழ்த்தட்டில், போனவர்களுடையது மேல்தட்டில். யார் வந்து நின்றாலும் அவர் முதலில் கேட்பது, "யாரு போனது?" என்பதுதான். பதில் வந்த பிறகே பேனாவைத் தொடுவார். தேர்தலில் ஜெயித்து வந்த நீதிபதி ஸ்டாலிங்ஸ், நிர்வாகத்தைச் சீரமைக்கிறேன் என்று அவரை நாய் உரிமம் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார். அவர் ஒருவர் பார்த்த வேலையை மூன்று மேசைகளுக்குப் பிரித்தார். முதல் மேசை உறையைப் பிரிக்கும், அடுத்தது வாரிசுகளுக்குக் கடிதம் போடும், கடைசி மேசை சொத்துக்குப் பொறுப்பாளரை நியமிக்கும். இரண்டு தட்டுகளும் ஒன்றாயின. ஆள் செத்தாரா என்று கேட்பது எந்த மேசையின் வேலை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

என் மரணம் எனக்குத் தெரிந்தது, துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப் போகும் கேசரோல் மூலம். சூடான பாத்திரத்தோடு தேவாலயத்து ஃபெர்ன் மேப்பிள்ஸ் அம்மாள் வாசலில் நின்றார். கதவைத் திறந்தவன் நான். "எல்டன், நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். அதற்குள் என் தங்கை மகன் கெர்மிட் நியமன உத்தரவோடு வந்து டிராக்டரை வண்டியில் ஏற்றிவிட்டான். அவனுக்குத்தான் கோபம். "மாமா, செத்த பிறகும் எனக்கு அந்தச் செவிட்டு நாயைத்தான் விட்டிருக்கீங்க" என்றான். நல்ல நாய்டா அது என்றேன். கேட்கவில்லை, நாயும் அவனும்.

இதெல்லாம் போகட்டும். வீட்டையும் நிலத்தையும் என் தம்பி வெர்ஜிலுக்கு எழுதியிருந்தேன். அப்பாவின் உயிலை அதே அலுவலகத்தில் படித்த நாள் முதல் நாங்கள் பேசுவதில்லை. இந்த வீடு எனக்கு வந்தது, அவன் மொன்டானாவுக்குப் போய்விட்டான். அவன் சொல்லப்போகும் பதிலை நான் கேட்க வேண்டியிராத நாளில்தான் விஷயம் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று முத்திரை வைத்தேன். அதைத்தான் உடைத்தார்கள்.

அலுவலகத்துக்குப் போனேன். பிரிப்பது மட்டும்தான் தன் வேலை என்றது முதல் மேசை. அடுத்தது கடைசி மேசையைக் கைகாட்டியது. அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். "மனு குடுங்க சார், திருத்திடலாம். ஆனா இறந்தவர் பேர்ல பொறுப்பாளர்தான் மனு குடுக்க முடியும்." பொறுப்பாளர் கெர்மிட். மருந்துக்கடையிலும் என் இதய மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் அலுவலகம் சொன்னது சீக்கிரமே உண்மையாகிவிடும்.

ஆகவே நீதிபதி ஸ்டாலிங்ஸ் இந்த வாரமே தம் கையெழுத்தில் என்னை உயிரோடு இருப்பவன் என்று அறிவிக்க வேண்டும். நாடீன் அம்மாளைப் பழைய இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கெர்மிட் டிராக்டரைத் திருப்ப வேண்டும். தாங்கள் இரங்கல் செய்தி போட்ட அதே பெரிய எழுத்தில் மறுப்புப் போட வேண்டும். தங்கள் குடும்பத்தாருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், அலுவலகம் அதை ஒப்புக்கொள்ளவும் செய்யட்டும்.

இப்படிக்கு, உயிரோடு,
எல்டன் ப்ரூயிட்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது நாடீன் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். வெர்ஜில் அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறான். எந்த மேசையும் பொறுப்பேற்காமல் நாய் ஜன்னலுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வீட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "அடக்கம் என்னைக்கு? நான் வர்ற வரைக்கும் அண்ணனை வெச்சிருப்பாங்களா?" என்றானாம். "சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன் எல்டன். மத்தது உங்க பாடு" என்று வைத்துவிட்டார். அவன் பஸ் ஏறிவிட்டான்.

எனவே ஆசிரியர் இந்தக் கடிதத்தை அச்சிட வேண்டாம். நீதிபதி ஞாயிற்றுக்கிழமை வரை என்னை உயிர்ப்பிக்க வேண்டாம். ஃபெர்ன் அம்மாள் சனிக்கிழமைக்கு இன்னொரு கேசரோல் செய்ய வேண்டும், இரண்டு பேருக்கு. கெர்மிட் பஸ் நிலையத்துக்குப் போய் அவனை அழைத்து வர வேண்டும், வழியில் வாயைத் திறக்கக் கூடாது. கதவை நான் திறக்க வேண்டும்.