ஆமைக்குப் போட்ட ஓட்டு

ஒரு காட்டில் ஜனநாயகம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. மிருகங்கள் மெம்பர்களைத் தேர்ந்தெடுக்கும். மெம்பர்கள் சபையில் கூடி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாரையும் நேரடியாக ஓட்டுக் குத்தவிட்டால் காடு தாங்காது என்று பெரிய மிருகங்கள் செய்துவைத்த ஏற்பாடு அது.

அந்த முறை ஆமைக்கும் கழுதைப்புலிக்கும் போட்டி. இரண்டுமே மெம்பர்கள் அல்ல, அதனால் ஓட்டு கிடையாது. ஆமை ஜெயித்தால் குளம் எல்லாருக்கும் பொது. கழுதைப்புலி ஜெயித்தால் குளம் அதன் மச்சானுக்கு. கோடை வேறு மண்டையைப் பிளந்தது. வளைமேட்டு மெம்பரான முயல் சடையப்பனிடம் அவன் மனைவி பொன்னுத்தாயி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

"ஆமைக்குக் குத்தாம வீட்டுப்பக்கம் வந்துடாதய்யா. புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க."

ஆனால் தேர்தலுக்கு முன்பே, பாதுகாப்புக்காம், எல்லா மெம்பர்களையும் கழுதைப்புலியின் கையாளான நரி ஒரு சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டது. வாசலில் ஓநாய்கள் காவல். தின்று தின்று சடையப்பனுக்குத் தொப்பை விழுந்த சமயம் பார்த்து, நரி அவன் தோளில் கை போட்டது.

"கிழங்கு வாரியத் தலைவர் பதவி உங்களுக்குத்தான். கழுதைப்புலிக்கு ஒரே ஒரு குத்து. வெளிய மூச்சு விடாதீங்க."

"வீட்ல கேட்டா?"

"ரகசிய ஓட்டுங்க! ஆமைக்குப் போட்டேன்னு சொல்லுங்க. யாரு கண்டா?"

சடையப்பன் யோசித்தான். மற்ற மெம்பர்கள் நல்லவர்கள், ஆமைக்குத்தான் போடுவார்கள். நம் ஒரு ஓட்டிலா குளம் பறிபோகப்போகிறது? குத்தினான். வெளியே வந்ததும் போன் போட்டு, "ஆமைக்குத்தான் புள்ள" என்று சொல்லியும்விட்டான்.

சபாநாயகர் ஆந்தை முடிவை வாசித்தது.

"அத்தனை ஓட்டும் கழுதைப்புலிக்கு. ஆமைக்குப் பூஜ்யம்."

சபை பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மெம்பரின் போனும் அலற ஆரம்பித்தது. எல்லாம் வீட்டிலிருந்துதான். சடையப்பன் துள்ளி எழுந்தான்.

"மோசடி! ஆமைக்கு நான் போட்ட ஓட்டு எங்கே?"

உடனே மான், குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் நெஞ்சிலடித்துக்கொண்டு கத்தின. "ஐயோ, என் ஓட்டையும் காணோமே!"

அன்றைக்கே குளத்தைச் சுற்றி வேலி விழுந்தது. கிழங்கு வாரியத்துக்கு நரி தன்னையே தலைவராகப் போட்டுக்கொண்டது.

சடையப்பன் வீட்டுக்கு வந்து, ஓட்டு களவு போன கதையை மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னான். பிள்ளைகள் காலிப் பானையை நக்கிக்கொண்டிருந்தன. பொன்னுத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓட்டு களவு போச்சு, சரி. இந்தத் தொப்பை எங்கேருந்துய்யா வந்துச்சு?"

நீதி: எல்லாருமாகச் சேர்ந்து துரோகம் செய்யும்போது, ஒருத்தரையாவது நேர்மையாக ஓட்டுப்போட விட்டுவைக்க வேண்டும். அந்த ஓட்டு தன்னுடையதுதான் என்று அப்புறம் ஆளாளுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.