கழனி ஓரக் காப்பகம் மேம்பட்ட வரலாறு

ஏழைக்கு உதவுவது எவனுக்கும் கைவரும் சாதாரண வேலை. ஏழைக்கு உதவுகிறவனைப் பிடித்து உட்காரவைத்து அவனுக்கு உதவுவதுதான் மனிதகுலம் இதுவரை எட்டியிருக்கும் உச்சம். அந்த உச்சம் சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக் காரில் பெருநகர் என்ற கிராமத்துக்கு வந்து இறங்கியபோது, பீட்டர் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைக் கழனி ஓரத்து பம்புசெட் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் பீட்டர் பல வருடங்களாகச் செய்துவந்த குற்றம். உடந்தை, சமையல்கார அம்முலு. அரிசி கொடுத்துவந்த சென்னை அறக்கட்டளை திடீரென்று விழித்துக்கொண்டது. ‘உங்களை ஒரு ஆலோசனை நிறுவனம் வலுப்படுத்தும். வலுப்பட்டால்தான் அடுத்த வருடம் அரிசி’ என்றது. அரிசிக்காக பீட்டர் வலுப்படச் சம்மதித்தார்.

வந்தவர் பெயர் ஹரிஹரசுதன். “எங்களுக்கு ஃபீஸே வேணாம் சார். இது எங்க சமூகக் கடமை” என்றார். வாயைத் திறந்தாலே லட்சக்கணக்கில் வாங்குகிற மனிதர், இங்கே சும்மா திறக்கிறாரே! கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியைப் பீட்டர் துடைத்துப் போட்டார்.

வெயில் ஏறியதும் நடவு செட்டின் தலைவி செங்கேணி முழங்கால் சேற்றோடு ஓடிவந்தாள். வாய்க்காலில் கைகழுவி, தன் குழந்தையைத் தூக்கி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். படுக்கவைத்தாள். ஓடினாள். பின்னாலேயே இன்னொருத்தி. ஹரிஹரசுதனின் நெற்றி சுருங்கியது.

“யார் சார் இவங்க?”

“அம்மாங்க சார்.”

“வேலை நேரத்துல எதுக்கு உள்ள வராங்க?”

“பால் குடுக்க.”

“அப்பாயின்ட்மென்ட்?”

அம்முலுவுக்குப் பொறுக்கவில்லை. “பசிக்கு இன்னா சார் அப்பாயின்மென்ட்டு? கொயந்த கத்தும். கயனில கீறவளுக்குக் கேக்கும். ஓடியாருவா.”

“இங்க கத்தினா அங்க கேக்குதா!” ஹரிஹரசுதன் பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்தார்.

அறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. காப்பகத்தின் நோய்கள் அதில் பெயரிடப்பட்டிருந்தன. சேற்றுக்காலோடு நுழைவது ‘திட்டமிடாத ஊடுருவல்’. அழுகை கழனிவரை கேட்பது ‘தகவல் கசிவு’. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ‘தாய்மாரை அளவுக்கு மீறிச் சார்ந்திருத்தல்’. மருந்தும் இருந்தது: காப்பகத்தை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிக்கு மாற்றுக. கண்ணாடிக் கதவு போடுக. நன்கொடையாளர் கண்ணில் படும். தாய்மார் கண்ணில் படாது.

‘பயனாளிகளின் குரல்’ கேட்காமல் அந்த நிறுவனம் எதையும் செய்வதில்லை. குரல் கேட்கும் கூட்டம் நடவு நாளில், நடு முற்பகலில் வைக்கப்பட்டது. வரப்பேறி வந்த ஒரே குரல் செங்கேணியுடையது.

“உத்திரமேரூருக்கா? பஸ்சு புடிச்சிப் போயி பால் குடுத்துட்டு நான் திரும்பி வரதுக்குள்ள நட்ட நாத்து கதிர் வுட்டுடும் சார்.”

“அருமையான பாயிண்ட்மா. உங்க கவலையை ‘வாய்ப்பு’ன்னு பதிவு பண்ணிக்கறேன்.”

செங்கேணி பீட்டர் பக்கம் திரும்பினாள். “நீ இன்னாண்ணா வாய்ல கொயக்கட்ட வச்சிக்கினு கீற?”

பீட்டர் அரிசி மூட்டையை நினைத்தார். “சார் படிச்சவரு செங்கேணி” என்றார். தலையையும் ஆட்டிவைத்தார்.

மாடிக்கு மாறியது காப்பகம். ரிப்பன் வெட்டினார்கள். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்தன. பிள்ளைகள்தான் வரவில்லை. அம்முலு காலையில் கண்ணாடியைத் துடைத்தாள். வேறு வேலை இல்லாததால் சாயங்காலமும் துடைத்தாள்.

நிறுவனம் பூரித்துப்போனது. ஊடுருவல் அறவே இல்லை. சேறு இல்லை. கசிவதற்கு அழுகையே இல்லை. ‘வலுப்பட்ட அமைப்பு’ என்று பீட்டருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாக்குத் தவறாமல் அரிசியும் வந்தது. தின்ன வாய் இல்லாததால் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பீட்டர் மூட்டைமேல் வைத்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டம் நிறைவேறியதற்குப் படம் எடுக்க ஹரிஹரசுதன் மறுபடி வந்தார். பீட்டரையும் ஏற்றிக்கொண்டு கார் பெருநகர் வழியாகப் போனது. கழனியில் நடவு. வரப்போரப் பூவரசில் ஒரு சேலை ஏணை தொங்கியது. நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. வெயில் முகத்தில் அடிக்க, உள்ளே ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. கன்னத்தில் எறும்பு.

ஹரிஹரசுதன் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“பாருங்க பீட்டர் சார். இந்த ஊர்ல ஒரு காப்பகம்கூடவா இல்ல? உடனே ஒரு ஆய்வு ஆரம்பிக்கணும்!”

பீட்டர் காரை விட்டு இறங்கவில்லை.

சேற்றிலிருந்து ஏறி ஓடிவந்த செங்கேணி, முழங்கையால் ஹரிஹரசுதனை ஒதுக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். எறும்பைத் தட்டிவிட்டாள்.

“இருந்திச்சி சார். நீங்கதான் வந்து அத்தக் காப்பாத்திட்டீங்க.”