பல்லுக்கு முந்திய கொழுக்கட்டை

காலை ஆறரை மணிக்கு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், தூங்கி எழும்பிய பிள்ளையின் வாயைத் திறந்து போனின் ரோச் லைற்றை அடித்துப் பார்க்கும் ஓர் இனம் வெள்ளவத்தையில் உண்டு. பல் பார்க்கும் அப்பா என்பது அதன் பெயர். நீங்கள் கண்டிருப்பீர்கள். லிஃப்ற்றில், சுப்பர் மார்க்கெற் வரிசையில், கடலோர ரோட்டில் தள்ளுவண்டிக்குப் பின்னால், எங்கும் காணலாம். முதல் பிள்ளையோடு தோன்றும். இரண்டாவது பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது என்று கேட்டுப் பாருங்கள், “முளைச்சிட்டுதோ?” என்று உங்களையே திருப்பிக் கேட்கும்.

இதன் கலப்படமில்லாத மாதிரி ஒன்று எங்கள் ஃபிளாட்டின் நாலாம் மாடியில் இருக்கிறது. பெயர் கிஷாந்த். காப்புறுதிக் கொம்பனியில் வேலை. ஊராருக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிற மனிதர். மனைவி தாரிகா. மகன் அபிஷனுக்கு அப்போது பத்து மாதம். தவழ்வான், கையைத் தட்டுவான், வெறும் முரசாலேயே, அதாவது ஈறாலேயே, பாதி ரொட்டியை ஊறவைத்து விழுங்கிவிட்டு மீதியைத் தலையில் பூசிக்கொள்வான். ஒரு குறையும் இல்லை. பல்தான் இல்லை.

அந்தப் பல்லைத் தேடி கிஷாந்த் செய்யாத வேலையா? ரோச் லைற் காலையில். மாலையில் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னர், சில்வர் கரண்டியால் முரசில் மெல்லத் தட்டி, ‘டிங்’ என்று கேட்கிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பது. ஞாயிறுதோறும் முரசைப் பெரிதாகப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போடுவது. அப்படிப் போட்ட ஒரு படத்தைப் பார்த்து, லண்டனில் இருந்து ஓர் அன்ரி, “நல்ல இறாலாக் கிடக்கு, எங்க வாங்கினனீங்கள்?” என்று எழுதியதை நானே வாசித்தேன். பிள்ளை சிரித்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? திருப்பிச் சிரிப்போம். இவர் முழங்காலை மடித்துக் குனிந்து உள்ளே பார்ப்பார்.

சுற்றியிருப்பவர்களாவது சும்மா விட்டார்களா? மூன்றாம் மாடி றஸ்மியா, லிஃப்ற்றில் தன் மகள் அம்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அம்னாக்கு அஞ்சு மாசத்திலேயே ரெண்டு பல்லு வந்திச்சி. நீங்க ஒண்ணும் யோசிக்க வாணாம்” என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலோடு கிஷாந்த் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. வாசலில் தம்பிலி இளநீர் விற்கிறவர்கூட, “பபாட்ட தத் ஆவத மாத்தயா?” என்று சிங்களத்தில் பல்லை விசாரிக்கிறார். இவர்தானே அவரிடமும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார்!

டொக்டரிடம் போனார்கள். டொக்டர் பிள்ளையைப் பார்த்து, பிள்ளையின் கையில் கண்ணாடியைப் பறிகொடுத்து, மீட்டு, சொன்னார்: “சில பிள்ளையளுக்கு ஒரு வயசு தாண்டியும் வரும். இவர் நல்லா இருக்கிறார். சில குடும்பங்களில அப்பிடித்தான். அப்பாக்கு எத்தினையாம் மாசத்தில வந்தது?”

“ஆறாம் மாசம், டொக்டர்” என்றார் கிஷாந்த், பரீட்சை முடிவு வாசிப்பதுபோல. “எங்கட பக்கத்தில எல்லாருக்கும் ஆறுதான்.”

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள், “உம்மட பக்கத்தில ஆருக்காவது லேற்றா வந்ததோ?” என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். கொள்ளுப்பிட்டியில் வாயை மூடிய தாரிகா வெள்ளவத்தை வரும்வரை திறக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் பேனையைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் பல்லுக்கொழுக்கட்டை என்று ஒன்று இருக்கிறதே! பிள்ளைக்கு முதல் பல் தெரிந்ததும், தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பல்லுப்போல வரிசையாகக் குத்திய கொழுக்கட்டைகளைச் செய்து, பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் சொரிவோம். முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி என்று பரப்பி வைப்போம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்று முடிவுகட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். எல்லோரும் பல் வந்த பிறகு நாள் பார்ப்பார்கள். கிஷாந்த் நாள் பார்த்து, ஹோலையும் புக் பண்ணிவிட்டுப் பல்லுக்குக் காத்திருந்தார்.

காரணம் இருந்தது. தாரிகாவின் தம்பி அனுஜனுக்குக் கனடாவில் லீவு கிடைப்பது ஓகஸ்ட்டில் இரண்டு கிழமை. தாய்மாமன் இல்லாமல் கொழுக்கட்டையா? ஹோல் கிடைத்ததோ அதற்குள் ஒரேயொரு ஞாயிறு. “ஆறு கிழமை கிடக்குது அங்கிள், ஒரு பல்லுக்கு அது காணாதே?” என்று என்னிடம் கேட்டார். கலியாணத்துக்கு ஹோல் எடுத்தால் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றிக் கொண்டுவரலாம். பல்லை எதில் ஏற்றுவது?

கார்ட் அடித்தாயிற்று. படத்தில் அபிஷன் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். அந்த ஒரு படத்துக்காக இருநூறு படம் எடுத்தார்களாம்.

ஆறு கிழமை நாலாகி, நாலு ஒன்றாயிற்று. முரசு முரசாகவே இருந்தது. ஒரு மாலை கிஷாந்த் படிக்கட்டில் தனியாக இருந்தார். நான் பகிடி விடத்தான் வாயெடுத்தேன். அவர் தலையைத் தூக்காமல், “அங்கிள், ஒருவேளை வராமலே போனா? என்ர பிள்ளையில ஏதும் குறை இருந்தா?” என்றார். எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. அவருடைய பயம் ஹோலைப் பற்றியதே இல்லை, நான்தான் மடையன், பிள்ளையைப் பற்றியது. அதற்குள் மேலே கதவு திறந்தது. தாரிகா அந்தச் சில்வர் கரண்டியோடு நின்றாள்.

“பல்லில்லாமலும் அவன் நாள் முழுக்கச் சிரிக்கிறான். அதை ஒருநாளாவது பாத்தனீங்களே?” என்றாள். கரண்டி குப்பைக்குப் போயிற்று.

ஞாயிறு வந்தது, பல் வரவில்லை. நூற்றிருபது பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் பரிசைக் கொடுத்துவிட்டு நேரே பிள்ளையின் சொண்டைத் தூக்கினார்கள். “எங்க, பல்லைக் காட்டுங்கோ பாப்பம்?” கிஷாந்த் வியர்த்து ஒழுக, “வந்துகொண்டிருக்கு, வந்துகொண்டிருக்கு” என்றார், பல் ஏதோ காலி வீதி ட்ரஃபிக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்த அவருடைய தகப்பனார் சிவபாதசுந்தரம், மூன்றாவது கொழுக்கட்டையைக் கடித்தபடி, சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்: “என்னடா அவசரம்? உனக்குப் பதினாலாம் மாசத்திலதானே வந்தது.”

“ஆறு எண்டல்லோ அம்மா சொன்னவா?”

“ஊருக்கு ஆறெண்டு சொன்னனாங்கள். சொல்லிச் சொல்லிக் கடைசியில உன்ர அம்மாக்கும் அதுதான் ஞாபகம்.”

தாரிகா ஹோலின் அந்தக் கரையில் இருந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஓட்டோவில் பேசாத பேச்செல்லாம் அதில் இருந்தது.

அனுஜன் அவசர அவசரமாகக் கொழுக்கட்டையைச் சொரிந்தார். அபிஷன் தலையில் ஒன்று நின்றது, எல்லோரும் கைதட்டினார்கள். முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, டொக்டர்மாரின் குழாய், ஒரு லப்ரொப். பிள்ளை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தது. எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு தவழ்ந்தது. கடைசித் தடவையாக ஒருமுறை பார்க்கலாமென்று கிஷாந்த் ரோச் லைற்றை எரியவிட்டபடி பக்கத்தில் வைத்திருந்த போனை இரண்டு கையாலும் தூக்கியது. தகப்பனின் மடியில் ஏறி, அவருடைய கீழ்ச் சொண்டைப் பிடித்து இழுத்து, வாய்க்குள் வெளிச்சம் அடித்து, கவனமாக உள்ளே பார்த்தது.

ஹோலே அதிர்ந்து சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. பாவம், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த அன்பு அதுதான். காலையும் மாலையும் அப்பா அதைத்தானே செய்து காட்டியிருக்கிறார்! கிஷாந்துக்கும் விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்தார், பிறகு சிரித்தார். அதைப் பார்த்து அபிஷனும் வாயை அகலத் திறந்து சிரித்தான். வெளிச்சம் கையில், வாய் நேரே முன்னால். மனிதர் உள்ளே பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் லிஃப்ற்றுக்குள் அபிஷன் அவருடைய தோளில் கடித்தான். மூன்று மாடிக்குக் கேட்க அவர் கத்தியது வலியால் இல்லை. அந்தப் பல் பதிந்த தழும்பை றஸ்மியாவுக்குக் காட்டினார், தம்பிலிக்காரருக்கும் காட்டினார், எனக்கு இரண்டு தரம் காட்டினார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். நேற்று லிஃப்ற்றில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கிள், உங்கட மகன் எத்தினையாம் மாசத்தில நடந்தவர்?”

“ஒன்பது” என்றேன், யோசிக்காமலே. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். பதினாறாம் மாதமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பிள்ளைக்கு முதல் பல் எத்தனையாம் மாதத்தில் வந்தது? எனக்குச் சொல்ல வேண்டாம், மனதுக்குள் சொன்னால் போதும். சொல்லிவிட்டீர்களா? இப்போது, குறைத்த மாதத்தைத் திரும்பக் கூட்டுங்கள்.