பெண் கொசு அனுப்ப இயலாமை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். எள்ளில் பாதி அளவுள்ள பூஞ்சைக் கொசு ஒன்றைப் பற்றிய என் மறுவிவரிப்புக் கட்டுரையில், பெண் கொசுவின் விவரத்தையும் சேர்த்து மாத இறுதிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். இயலாது, ஐயா. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்ல வரவில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

அந்தக் கொசு எங்கள் வீட்டுப் பூந்தொட்டியில் பிறக்கிறது. தொட்டி அம்மாவுடையது. அம்மா இறந்து எட்டு மாதமாகிறது. அப்பா காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி ஊற்றி, செடி வேரோடு அழுகி, அழுகலில் பூஞ்சை பிடித்து, பூஞ்சையைத் தின்னப் புழு வந்து, புழு கொசுவாகி என் தேநீரில் விழுந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நூறு வருடத்துக்கு முன் யாரோ "சிறியது, பழுப்பு நிறம்" என்று நாலு வரியில் எழுதிவிட்டுப் போன அதே இனம்! தையல்காரரான அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அம்மா பேர வச்சிடேன்."

"பேரு ஏற்கெனவே இருக்குப்பா. விவரம்தான் பத்தல. திரும்ப எழுதறேன்."

"முன்னாடி வந்தவன் அளவு சரியா எடுக்கல. அதானே?"

அதேதான், ஐயா. என் ஆய்வேட்டின் முன்னுரைகூட இவ்வளவு தெளிவாக இல்லை.

பிறந்த பதினேழும் ஆண். பதினெட்டாவது, ஒரே ஒரு பெண், பார்க்க வந்திருந்த அத்தையின் மூக்குக்கு நேரே பறந்தது. படார்! "படிச்ச பொண்ணு இருக்கற வீடாடி இது? கொசு மொய்க்குது!" அத்தையின் உள்ளங்கையிலிருந்து ஒரு காலை மட்டும் மீட்டேன். இணைத்துள்ளேன்.

ஆனால் காரணம் அத்தை அல்ல. ஆறு மாதத்துக்கு முன் அப்பா கேட்டார்: "ஊத்தறதா, நிறுத்திடறதா?" செடி செத்தது எனக்குத் தெரியும். மண் காய்ந்தால் புழுக்கள் போய்விடுமே என்று, "ஊத்துங்கப்பா, துளிர்க்கும்" என்றேன். நேற்று அவர் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து, அந்தத் தண்டைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இதற்கு மேல் என்னால் முடியாது. இன்று உண்மையைச் சொல்லிவிடுவேன். தொட்டி காயட்டும்.

தங்கள் இதழில் இடம்பெறும் பூச்சிகளுக்கெல்லாம் என் அன்பும், தங்களுக்கு என் வணக்கமும்.

இப்படிக்கு,
பணிவுள்ள ஆய்வு மாணவி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அப்பாவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அது அப்பவே செத்துடுச்சேம்மா. தொட்டா தெரியாதா? நீ துளிர்க்கும்னு சொன்னப்பவே, உன் கொசுவுக்கு ஈரம் வேணும்னு புரிஞ்சிக்கிட்டேன்" என்றார். பிறகு பட்டன் டப்பாவைத் திறந்து நீட்டினார். "ஆம்பளைக்குப் பின்னாடி கொக்கி மாதிரி இருக்கும்னு படம் போட்டு வச்சிருந்தியே. தொட்டிகிட்ட செத்து விழுந்தத பூதக்கண்ணாடில பாத்து, கொக்கி இல்லாததா எடுத்து வச்சேன்." மூன்று இருந்தன. மூன்றும் பெண். மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள் ஐயா, கட்டுரை வரும். அப்படியானால் தண்டை ஏன் தடவினீர்கள் என்று நான் கேட்கவில்லை. இன்று மாலைத் தண்ணீரை நான் ஊற்றினேன்.