மேல் வீட்டில் ஊற்றிய சிவப்பு

அவசரமே இல்லாமல் அடுத்த வீட்டு மலசலகூடத்துக்குப் போவது எவ்வளவு சங்கடமான காரியம் என்பது மஹ்ரூபுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வா மச்சான், உள்ளுக்கு வா. தேத்தண்ணி குடிப்பம்" என்றார் மேல் வீட்டு அஸீஸ்.

"தேத்தண்ணி பொறகு. முதல்ல கொஞ்சம் டொய்லட் போகணும்."

அஸீஸ் முற்றத்தின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அவருடைய முற்றம் முடிகிற இடத்தில்தான் மஹ்ரூப் வீட்டுக் கூரை தொடங்குகிறது.

"உங்கட வீட்ட என்ன? ஒடஞ்சிட்டா?"

"இல்ல மச்சான். படி ஏறி வரக்குள்ள வந்துட்டுது."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட மஹ்ரூப், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பக்கெட் சிவப்புக் கேக் கலர்த் தூளை எடுத்தார். பதுளை பஸாரில் அவர் வைத்திருக்கும் கடை கேக் சாமான் கடைதான். பக்கெட்டைப் பிரித்துக் கொட்டி, சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வெளியே வந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டு இறங்கினார்.

காரணம் அவருடைய கிணறு.

அந்தக் குறுக்குத் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. மேலே அஸீஸ் வீடு, நடுவில் மஹ்ரூப் வீடு, கீழே பள்ளிக்கூட வேன் ஓட்டும் நிமலனின் வீடு. வீட்டுக்கு ஒரு கிணறு. சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர் எடுத்துப் போனார். மஹ்ரூபின் கிணற்றில் மனிதக் குடலில் வாழும் கிருமி இருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் கிருமிகளில் பல தாமாகப் பெரிய தீங்கு செய்யாதவை. ஆனால் அவை தண்ணீரில் இருந்தால் ஒரு விஷயம் நிச்சயம்: எங்கோ ஒரு மலசலகூடக் குழியும் அந்தக் கிணறும் மண்ணுக்கடியில் கைகுலுக்கிக்கொண்டிருக்கின்றன.

பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்ட மகள் றிப்தாவுக்கு இது தலைப்பிள்ளை. தாய் வீட்டுக்கு வரவேண்டிய மாதம் நெருங்கிவிட்டது. ஆனால் அவள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"வாப்பா, தண்ணி சரியானா வாறேன். இல்லாட்டி மாமிட வீட்டயே ஈக்கிறேன். பச்சப் புள்ளக்கி வயித்தால போனா என்ன செய்ற?"

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் மஹ்ரூபுக்கு வலித்தது. பிறந்த பிள்ளையின் வலக்காதில் முதல் பாங்கை யார் சொல்வது? பண்டாரவளையில் பிறந்தால் சம்பந்தி சொல்லுவார். சம்பந்திக்கு நல்ல குரல் வேறு.

மஹ்ரூப் கிணற்றுக்குக் குளோரின் போட்டார். கிருமி செத்தது. பிறகு திரும்பி வந்தது. இதில் ஆச்சரியமில்லை. குளோரின் வந்த கிருமியைக் கொல்லும், வரும் வழியை அடைக்காது. வழி எது என்று முதலில் தெரியவேண்டும். மலசலகூடக் குழிக்கு அடியில் சீமெந்து கிடையாது. தண்ணீர் மண்ணுக்குள் ஊறிப் போகட்டும் என்று அப்படியே விடுவார்கள். மண் ஒரு பெரிய வடிகட்டி. குழியும் கிணறும் எட்ட இருந்தால் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் மண் அதைச் சுத்தமாக்கிவிடும். கிட்ட இருந்தால், பாவம், மண்ணுக்கு அவகாசம் போதாது.

தண்ணீர் மேலிருந்து கீழே வரும். மேலே இருப்பது அஸீஸ். ஆகவே குற்றவாளி அஸீஸின் குழி. அதை நிரூபிக்க, குழிக்குள் நிறத்தைப் போட்டுவிட்டுக் கிணற்றில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இந்த வித்தையை அவர் தொலைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார்.

பெருநாளுக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்பும் மனிதரிடம் போய், 'உன் குழி என் கிணற்றில் ஊறுகிறது' என்று ஆதாரமில்லாமல் சொல்லமுடியுமா? மனைவி ஷாகிராவிடம்கூட மஹ்ரூப் மூச்சு விடவில்லை. ஷாகிராவும் அஸீஸின் மனைவியும் மதிலோரம் பேசுகிறவர்கள். நிறம் கீழே இறங்குவதற்கு முன் இரகசியம் மேலே ஏறிவிடும்.

கிணற்றில் சிவப்பு வரவில்லை. களிமண் நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது மஹ்ரூபுக்குத் தெரியும். அப்படியானால் களிமண் களைத்துப்போகும் அளவுக்குப் போடவேண்டும். அடுத்த முறை அவர் மூன்று பக்கெட்டுகளோடு ஏறினார்.

"திரும்பவும் படி ஏறக்குள்ளயா?" என்றார் அஸீஸ்.

"என்னமோ மச்சான், உங்கட படிக்கு ஒரு குணம் ஈக்குது."

மூன்று பக்கெட்டுகளும் ஒன்றாகக் கரைய மறுத்தன. தண்ணீரை இழுத்தார், வாளியால் ஊற்றினார், தன் கைக்குட்டையால் துடைத்தார். ஆனாலும் விளிம்புக்குக் கீழே ஒட்டியிருந்த தூளை அவர் காணவில்லை. பின்னால் போன அஸீஸின் கண்ணில் அது பட்டது. ஈரத்தில் ஊறி, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்த அஸீஸின் முகம் வெளுத்திருந்தது.

"மஹ்ரூப், ஒனக்கு ஒண்ணுக்குப் போறப்போ ரத்தம் வருதா?"

உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொன்னால் சோதனை கெட்டுவிடும், நட்பும் கெட்டுவிடும். மஹ்ரூப் தனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தில் ஒரு துண்டை எடுத்துப் போட்டார்.

"அது பீட்ரூட், மச்சான். பீட்ரூட் கூடத் தின்டா செல ஆக்களுக்கு அப்பிடித்தான் செவப்பாப் போகும்."

இது உண்மையான தகவல். ஆகவே அஸீஸ் அதை உண்மையான அக்கறையோடு மதிலுக்குக் கொண்டுபோனார்.

"ஷாகிரா, அவனுக்கு பீட்ரூட்டைக் கொஞ்சம் கொறைங்க."

"எந்த பீட்ரூட், அஸீஸ் நானா? இந்த வீட்ட பீட்ரூட் வந்து வருஷக்கணக்கு. அவருக்கு அந்த வாசமே ஆகாது."

அஸீஸும் ஷாகிராவும் மதிலுக்கு மேலால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதன் நோயை மறைக்கிறான்!

அன்று மாலையே ஷாகிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பேசினாள். அஸீஸ் ஒரு பெரிய போத்தல் நிறையப் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி. சிறுநீரகத்துக்கு நல்லம்."

"எனக்கு ஒண்டுமில்ல மச்சான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற. குடி. குடிச்சிட்டு எங்கட டொய்லட்டுக்கே வா. நெறம் எப்பிடிப் போகுது எண்டு நான் பாக்கணும்."

நிமலனின் வேனில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு சுத்தமாக இருப்பதே பெரிய விஷயம் என்றார். மஹ்ரூப் நிம்மதியாகச் சிரித்தார். அஸீஸ் சிரிக்கவில்லை.

"வந்து வந்து போகுது. அந்த சாதி நோவுதான் மோசம்" என்று டாக்டருக்கே விளக்கிவிட்டு, மருந்துக்கடைக்கு இறங்கினார்.

வேனில் தனியாக இருந்தபோது மஹ்ரூபுக்குத் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த நிமலனிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

நிமலன் சிரிக்கவில்லை. கூர்மையாகக் கேட்டான்.

"அப்ப மேல போட்டா கீழ வந்துருங்களா நானா?"

"வழி ஈந்தா வரும். இல்லாட்டி வராது. அதுதான் இதுல உள்ள அழகு. தண்ணி பொய் சொல்லாது."

"எம்புட்டுப் போடணுங்க?"

"நான் கொஞ்சமாப் போட்டுத்தான் கெட்டேன். அள்ளிப் போடணும். மழைக்கி முந்திப் போட்டா இன்னும் நல்லம். மழத்தண்ணி தள்ளிக்கிட்டு வரும்."

"எங்க கெணத்துலயும் அதே கிருமின்னுதான் சொல்லிட்டுப் போனாங்க" என்றான் நிமலன்.

"பாத்தியா? எல்லாம் மேலருந்து வாறதுதான்" என்றார் மஹ்ரூப். இப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவன் கீழ் வீட்டிலேயே இருந்தும் இவ்வளவு நாளும் பேசாமல் விட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் றிப்தா. ஒரு கையில் பை, மறு கை இடுப்பில்.

"வாப்பா! இவ்வளவு நோவ வெச்சிக்கிட்டா எனக்கிட்ட தண்ணியப் பத்திப் பேசிக்கிட்டு ஈந்தீங்க?"

எந்தத் தண்ணீர் சரியாகும்வரை வரக்கூடாது என்றிருந்தாளோ அந்தத் தண்ணீர் சரியாகாமலே மகள் வந்துவிட்டாள். இனித் திரும்பிப் போகவும் மாட்டாள். "நோயாளி வாப்பாவ உட்டுட்டா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மஹ்ரூப் உடனே நிமலனை அனுப்பி, பெரிய கேன்களில் குடிதண்ணீர் வரவழைத்தார். நிமலன் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து இறக்கினான். மகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் கொமோட் வைத்துப் புதிதாகக் கட்டியிருந்த பாத்ரூமில் கை கால் கழுவிக்கொண்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மஹ்ரூபுக்குக் காத்திருக்க நேரமில்லை. மறுநாள் கடையிலிருந்த சிவப்பு முழுவதையும் ஒரு போத்தலில் கரைத்துக்கொண்டு மேலே போனார். அஸீஸ் அவரைத் தோளில் கைபோட்டு மலசலகூட வாசல்வரை கூட்டிப்போனார்.

"மெதுவா, மச்சான். நான் வெளியதான் ஈக்கிறேன். வேதனையா ஈந்தா கூப்பிடு."

உள்ளே இரத்தத்தை விடச் சிவந்த ஒரு போத்தலைக் கவிழ்த்தபடி, வெளியே தனக்காக ஓதிக்கொண்டிருக்கும் நண்பனின் குரலை மஹ்ரூப் கேட்டார். அந்தப் போத்தல் மிகவும் கனமாக இருந்தது.

அன்றிரவு நமுனுகுல மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது.

"வாப்பா, இங்க வாங்க! பைப்புல தண்ணி நெறமா வருது!" என்று சமையலறையிலிருந்து றிப்தா கத்தினாள்.

மஹ்ரூப் கட்டிலிலிருந்து குதித்தார். "வந்துட்டுதா? அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டுதா!"

கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதற்காக இறைவனைப் புகழும் கணவனைப் பார்த்து ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டாள். நோய் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தாள். அதற்குள் மஹ்ரூப் தண்ணீரைப் பார்க்காமலே முற்றத்துக்கு ஓடி, மேல்நோக்கிக் கூப்பிட்டாகிவிட்டது. அஸீஸ் சாரத்தை மடித்துக் கட்டியபடி படிகளில் ஓடி இறங்கினார்.

மஹ்ரூப் எல்லாவற்றையும் சொன்னார். குழி, மண், களிமண், பக்கெட், போத்தல் என்று வரிசையாக, ஒரு படியும் விடாமல் விளக்கினார். முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அஸீஸ் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அப்ப அது ரத்தமில்லையா?"

"இல்ல மச்சான். கேக் கலர்."

அஸீஸ் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

"அடப் பாவி! ஒனக்கு நான் மூணு யாஸீன் ஓதினேனே! நேரா வந்து சொல்லீந்தா நான் மாட்டேன் எண்டா சொல்லீப்பேன்?" என்று சத்தம் போட்டார். பிறகு றிப்தாவின் வயிற்றைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "சரி. என்ட குழிதான் குத்தவாளி எண்டா அது இருக்கக்கூடாது. இண்டைக்கே ஒடைப்பம். வேற எடத்துல வெட்டிக்கிறேன். அந்தப் புள்ள நல்ல தண்ணி குடிக்கட்டும். நிமலன்! அலவாங்க எடுத்துக்கிட்டு வா!"

கீழ் வீட்டிலிருந்து நிமலன் கடப்பாரை போன்ற அலவாங்கோடு வந்தான். வந்தவன் றிப்தா பைப்பில் பிடித்துக் கொண்டுவந்த வாளித் தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

மஹ்ரூபுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மகள் வந்துவிட்டாள், வழி கண்டாகிவிட்டது, பாங்கு அவருடையது. நண்பன் வேறு மன்னித்துவிட்டான். அஸீஸின் கையைப் பிடித்து, "இதுல உங்கட பெழ ஒண்டுமில்ல மச்சான், செல ஆக்கள் குழி வெட்டக்குள்ள கிணறு எங்க ஈக்குது எண்டு பாக்கிறல்ல" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

அப்போதுதான் றிப்தா ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"வாப்பா, நீங்க போட்ட கலர் செவப்புதானே?"

"ஓ, செவப்பு."

"இது பச்சை."

எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள். பச்சைதான். நெல் வயலின் பச்சை. சந்தேகமே இல்லை.

மஹ்ரூப் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"அது ஒண்டுமில்ல மகள். மண்ணுக்குள்ள இரும்பு ஈக்குது, சுண்ணாம்பு ஈக்குது. செவப்பு அதுகளுக்குள்ளால வடிஞ்சி வரக்குள்ள நெறம் மாறும். அது ஒரு ரசாயன மாற்றம்."

ஷாகிரா தலையாட்டினாள். அஸீஸும் தலையாட்டிவிட்டு, தன் குழியை உடைக்க அலவாங்குக்குக் கையை நீட்டினார்.

நிமலன் அதைக் கொடுக்கவில்லை.

"மண்ணு ஒண்ணும் மாத்தலீங்க நானா," என்றான் தரையைப் பார்த்தபடி, "எங்க கெணத்துக்கு ஊறுதான்னு பாக்க அந்தப் பச்சைய நான்தாங்க போட்டேன், ஒங்க புது பாத்ரூமுல."