மைனஸ் ரெண்டும் தண்ணீர்த் தொட்டியும்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை ஆசைப்பட்டுக் கழுவிய கணவன் உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அதிலும் நம்ம ஆள், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்காகவே வாரம் முழுக்க மூச்சு விடுகிறவர். ஆபீஸில் அவரை 'மேதை' என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்பது பாவம், அவருக்கு இன்னும் தெரியாது.

அந்த ஞாயிறு காலை மனைவி தொட்டிப் பேச்சை எடுத்ததும், மேதை நைசாக மகள் பக்கம் திரும்பினார். அவள் மடக்கைக் கணக்கோடு, அதாவது லாக் கணக்கோடு, உட்கார்ந்திருந்தாள். பிள்ளை படிப்பைவிடத் தொட்டியா பெரிசு என்று ஒரு பிரசங்கமே நடத்தினார்.

மனைவி கோபப்படவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க, இந்தக் கணக்கைப் போட்டுக் குடுங்க. தொட்டியை ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாம்."

மேதை பார்த்தார். லாக் எக்ஸ், அதோடு எக்ஸ் மைனஸ் மூன்றுக்கு லாக். கூட்டினால் ஒன்று. அடிமானம் பத்து. லாக்கைக் கூட்டினால் உள்ளே இருப்பதைப் பெருக்க வேண்டும். ஆக, எக்ஸை எக்ஸ் மைனஸ் மூன்றால் பெருக்கினால் பத்து. அடடே, இருபடிச் சமன்பாடு, இதற்கு இரண்டு விடை வருமே. உடனே பேராசை வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது.

"ஒரு விடைக்கு ஒரு வாரம்னு வச்சுக்குவோமே" என்றார்.

"வச்சுக்கலாம். ஆனா தப்பான விடைக்கு ஒரு வாரம் கழிச்சுடுவேன்."

தப்பாவது, அவராவது. விறுவிறுவென்று போட்டார். ஐந்து, மைனஸ் இரண்டு. இரண்டுக்கும் அடிக்கோடு இழுத்துவிட்டுத் தலையணையைத் தட்டிப் போட ஆரம்பித்தார்.

ஐந்து சரி என்று ஒத்துக்கொண்ட மனைவி, கால்குலேட்டரை நீட்டி, மைனஸ் இரண்டுக்கு லாக் எவ்வளவு என்று கேட்டாள். தட்டினார். 'எரர்' என்றது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார். மகள் தலை நிமிராமலே, மைனஸ் எண்ணுக்கு லாக் கிடையாது, வந்த விடையைத் திருப்பிக் கணக்கில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கணும், நேற்றே அம்மாவும் தானும் போட்டுப் பார்த்தாச்சு என்றாள்.

மேதை மைனஸ் இரண்டின் அடிக்கோட்டை மெல்ல அழித்தார். இருந்தாலும் விடவில்லை.

"ஒரு விடை சரிதானே? ஒரு வாரம் எனக்கு உண்டுல்ல?"

"தாராளமா உண்டு. சரியான விடைக்கு ஒரு வாரம் தள்ளியாச்சு. தப்பான விடைக்கு ஒரு வாரம் கழிச்சாச்சு. இப்ப தொட்டி கழுவுறது என்னிக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று பிரஷ்ஷையும் வாளியையும் கையில் கொடுத்தாள்.

மேதை மனசுக்குள் ஒருமுறை கூட்டினார், ஒருமுறை கழித்தார்.

"இன்னிக்குத்தான்" என்றார்.

விடை ரொம்பச் சரி.