இருபத்தொரு கியரும் ஒரு மூங்கில் கட்டும்

இனிமேல் நான் மலையேறி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயில் வேப்பங்குச்சியோடு இந்த முடிவை எடுத்தேன். உத்திரமேரூரைச் சுற்றி இருப்பதெல்லாம் ஏரியும் வயலும்தான். மலை என்று சொல்லிக்கொள்ள, சாலவாக்கம் போகிற பக்கம் ஒரு பாறைக் குன்று உண்டு. ஆடுகளே அதில் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் ஏறும். அதனால் என்ன? மலை சின்னது. முடிவு பெரியது.

என் பெயர் வீராசாமி. வீரம் பெயரின் முன்பாதியோடு சரி, மிச்சமெல்லாம் ஆசாமி. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம் அடுத்தவர் மூச்சுக்காற்றில் வாழ்ந்தவன். என் கால்மேல் கால் வைக்காத ஆள் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் போய் நின்றேன். யாரும் இடிக்கவில்லை. யாரும் மிதிக்கவில்லை. தலைக்குமேல் ஃபேன் மட்டும் 'கடக் கடக்' என்று பேசிக்கொண்டிருந்தது. அதுவும் என்னிடம் இல்லை.

ஒரே மகன் ஜெகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "அப்பா, நல்லா கீறியா? அம்மாவாண்ட குடு." எங்கள் உரையாடல் முடிந்தது.

மனைவி சுதா, மகளிர் குழுத் தலைவி. காலையில் நாஷ்டாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினால், வெயில் சாய்ந்துதான் வருவாள். வந்த பிறகும் அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். என் போனும் அடிக்கும். எடுத்தால், பதிவு செய்த பெண் குரல் ஏதாவது திட்டத்தைப் பற்றிச் சொல்லும். நான் கடைசிவரை கேட்பேன். என்னை "அன்பான வாடிக்கையாளரே" என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அது.

இப்படி இருக்கும்போதுதான் பின்கட்டில் ஜெகன் விட்டுப்போன மலை சைக்கிள் கண்ணில் பட்டது. குண்டு டயர். இருபத்தொரு கியர். இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே கியர் ரிவர்ஸ். சட்டென்று திட்டம் உதித்தது. புருஷன் தினமும் மலைக்குப் போகிறான் என்றால் எந்தப் பெண்டாட்டியும் பதறுவாள். விழுந்தானோ, உருண்டானோ என்று போன் பண்ணுவாள். குழுவை மறப்பாள். வாசலில் நிற்பாள்.

"சுதா, நான் மலைக்குப் போறேன்."

"திருப்பதிக்கா? யாரு கூட?"

"தனியா. சைக்கிள்ல மே. சாலவாக்கம் பக்கம் குன்று கீதுல்ல? அது மேல."

"அது மேல இன்னா கீது?"

"ஒன்னும் இல்ல. ஏறணும், எறங்கணும். அவ்ளோதான்."

அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதறிவிட்டாள் என்று நினைத்தேன்.

"வரும்போது கொத்தமல்லி வாங்கினு வாங்க" என்றாள்.

மலை சைக்கிள் ஓட்டுவதில் உள்ள இம்சைகளை இங்கே சொல்லியாக வேண்டும். சீட்டு என்ற பெயரில் ஒரு கொடுவாளைப் பொருத்தியிருக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்தவன் அப்புறம் வேறு எதன்மேலும் உட்கார முடியாது. ஏற்றத்தில் கியரை மாற்றினால் செயின் கழன்று தொங்கும். செயின் விஷயத்தில் எனக்கு ராசியே கிடையாது. கல்யாணத்தில் சுதாவுக்கு நான்தான் செயின் போட்டேன். கட்டுண்டவன் என்னவோ நான்.

அடுத்தது முள். ஏரிக்கரை முழுக்க வேலிக்காத்தான். அதன் முள்ளுக்கு என் டயர்மேல் தனிப் பாசம். தினமும் ஒரு பஞ்சர். சைக்கிள் என்னைச் சுமந்த தூரத்தைவிட நான் அதைத் தள்ளின தூரம் அதிகம். மட்கார்டு கிடையாது, ஆகையால் சேறு சக்கரத்திலிருந்து கிளம்பி நேராக என் முதுகில் நாமம் போடும். முன்னால் வந்தால் சைவன், பின்னால் பார்த்தால் வைஷ்ணவன்.

நாய்கள் வேறு. மோட்டார் சைக்கிளை விட்டுவிடும், லாரியை விட்டுவிடும். நான் வந்தால் மட்டும் தெருவே கூடிக் குரைக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம் வழியில் நிற்பவர்கள்.

"இன்னா நைனா, சைக்கிள்ல கேரியர் எங்க?"

"இதுக்குக் கேரியர் இல்லப்பா."

"ஸ்டாண்டு?"

"அதுவும் இல்ல."

"பெல்லு?"

"இல்ல."

"அடப்பாவி, எல்லாத்தியும் திருடிட்டானுங்களா?"

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விகளுக்காகவே சில நாள் மெதுவாக ஓட்டினேன்.

குன்றின்மேல் ஏறியதும் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுப் பாறையில் உட்காருவேன். கீழே ஏரி பளபளக்கும். தூரத்தில் என் பழைய பஸ் ஒரு தீப்பெட்டி மாதிரி ஊர்ந்து போகும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பேன். சிக்னல் முழுசாக இருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலாவது, அவள் பண்ணியிருப்பாள், கிடைக்கவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். மலையில் சிக்னல் கிடைப்பதைப்போல ஒரு இம்சை வேறு இல்லை.

நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். நன்றாக இருட்டிய பிறகு வீடு திரும்பிப் பார்த்தேன். "கொத்தமல்லி எங்க?" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.

ஆகவே விழுவது என்று தீர்மானித்தேன்.

நிஜமாக விழ எனக்கு என்ன பைத்தியமா? குன்றின் அடிவாரத்தில் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தேன். துண்டை விரித்துப் பக்குவமாகப் படுத்துக்கொண்டேன். முழங்காலில் கொஞ்சம் செம்மண்ணைப் பூசினேன். போனைப் போட்டேன்.

"சுதா... வுயுந்துட்டேன் மே. காலு பூடுச்சி."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைகிற சத்தம். போன் கட்டாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாண்டியனின் டிவிஎஸ் எக்ஸெல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பின்னால் சுதா. வண்டி நிற்பதற்குள் குதித்தாள். காலில் செருப்பு இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடிவந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாயிற்று இப்படி! என் கண்ணே கலங்கிவிட்டது.

அப்புறம் அவள் நிமிர்ந்து சைக்கிளைப் பார்த்தாள். என் அடியில் இருந்த துண்டைப் பார்த்தாள். மறுபடி சைக்கிளைப் பார்த்தாள். என் தலையை மடியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"எந்த காலுங்க?" என்றாள், ரொம்ப சாந்தமாக.

"வலது காலு."

"பாண்டியா, வண்டிய எடு. மானாம்பதியில கோபால் வைத்தியராண்ட போலாம்."

கோபால் வைத்தியர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். அவர் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி அமுக்கினார். எங்கே கத்துவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் கத்தினேன். சுதா அவரை வெளியே கூப்பிட்டு ஏதோ பேசினாள். திரும்பி வந்தவர் முகத்தில் மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. முட்டை வெள்ளைக்கரு, உளுத்தமாவு, துணி, மூங்கில் பட்டை என்று வரிசையாக வந்தன.

"மூணு வாரம் காலு தரையில படக்கூடாது" என்றார்.

நான் சுதாவுக்குக் கட்டியது மூன்றே முடிச்சு. அவள் எனக்குக் கட்டவைத்தது தொடையிலிருந்து பாதம்வரை.

ஆனால், அடடா, அதற்கப்புறம் வந்த நாட்கள்! அவள் குழுவுக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். எதிர்வீட்டு எல்லம்மாள் ஆரஞ்சு வாங்கி வந்தாள். பாண்டியன் ஹார்லிக்ஸோடு என் சைக்கிளையும் கொண்டுவந்தான். பஸ்ஸில் என்னோடு சண்டை போட்டவர்கள்கூட பிஸ்கட்டோடு வந்து, "மலை எவ்ளோ ஒயரம்?" என்று கேட்டார்கள். ஆளுக்கு ஆள் மலையைக் கொஞ்சம் உயர்த்தினேன். ஜெகன் புதன்கிழமையே போன் பண்ணினான். அதுவும் என்னிடம் பேச!

ஒரு மத்தியானம் சுதாவைக் கேட்டேன்.

"இப்பிடி நாம ஒக்காந்து பேசி எத்தினி நாளாச்சி? ஒனுக்கு எப்பப் பாரு குழு."

வெங்காயத் தோலை ஊதிவிட்டு அவள் சொன்னாள். "பேச ஆளு இல்லாமதான் குழுவுக்குப் போனேன்."

"நான் ஒருத்தன் இல்ல?"

"நீங்களா? பஸ்ஸுல ஊருக்கே பேசிட்டு, வூட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டீங்க. 'தொண்ட கட்டிகீது'ன்னு சைகையில தண்ணி கேப்பீங்க. முப்பது வருஷம் அந்த சைகையோட குடும்பம் நடத்தினேன். ரிட்டேர் ஆனப்புறமாச்சும் பேசுவீங்கன்னு பாத்தா, சைக்கிள இஸ்த்துக்கினு மலைக்குப் பூட்டீங்க."

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம்.

அத்தோடு நான் கால் நீட்டிக் கிடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுநாள் சுதா தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனாள். அடுப்படியிலிருந்து மசால்வடை வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. எழுந்தேன். மூங்கில் 'டொக் டொக்' என்று தாளம் போட, விறைப்பாக நடந்தே போய், ஒரு வடையை வாயிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பின்வாசலில் குடத்தோடு சுதா.

கத்தவில்லை. குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். "சூடு கீதா?" என்றாள்.

வடையை விழுங்கினேன். "எப்பலேந்து தெரியும்?"

"வுயுந்த எடத்துலயே. காலு ஒடிஞ்சி வுயுந்தவரு, சைக்கிள மட்டும் மரத்துல அயகா சாச்சி வெச்சிகீறாரு. துண்டு வேற விரிச்சிகீறாரு."

"அப்ப எதுக்கு மே இத்தினி பெரிய கட்டு?"

"போடாங்காட்டி மறுநாளே மலைக்குப் பூடுவீங்க. வூட்ல ஒக்கார வெக்க எனுக்கு வேற வயி தெரில." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பாண்டியன் வண்டியில வரும்போது எனுக்குக் கண்ணே தெரிலங்க. வயியெல்லாம் இருட்டா பூடுச்சி. உங்க காலுக்கு வைத்தியர் கட்டுனாரு. எனுக்கு யாரு கட்டுவாங்க?"

கையிலிருந்த வடை கனத்தது. இத்தனை நாளாக ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பேர் தனித்தனியாக இருந்திருக்கிறோம். எனக்காவது ஏறிக்கொள்ள ஒரு மலை இருந்தது.

"தப்புதான் சுதா. வுடு. இத்த அவுத்துப்புடலாம். இனிமே எங்கியும் போவல. வூட்லயே பேசிக்கினு இருப்பேன்."

"அவுத்துடுங்களேன்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவுத்துட்டு, வூடு வூடா போயி ஹார்லிக்ஸையும் பிஸ்கட்டையும் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. எல்லம்மாவோட ஆரஞ்ச இன்னா பண்ணுவீங்க? அத்தத்தான் துன்னுட்டீங்களே!"

நான் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவள் சுடிதாரில் வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க மே?"

"குழு கூட்டம். உங்களாலதான் இத்தினி நாளு போவல. சைக்கிள்ல போயிட்டு ஒடனே வந்துடறேன்."

"அந்த சைக்கிள்லயா? அது ஒரே பேஜார் மே! முள்ளு குத்தும், நாயி தொரத்தும்..."

"தார் ரோடு போட்டு வெச்சிகீறாங்க. அத்த வுட்டுட்டு முள்ளு மேல யாரு போவச் சொன்னது?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரே மிதி. கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. செயின் கழலவில்லை. என்னைக் குதற வந்த அதே நாய்கள் வாலாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடின. "யக்கா, சூப்பரு!" என்றது தெரு. கேரியரைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை.

சைக்கிள் தெருமுனையில் மறைந்தது. கூடத்தில் ஃபேன் 'கடக் கடக்' என்றது. காலை அசைத்துப் பார்த்தேன். மூங்கில் முறைத்தது.

திடீரென்று தெருமுனையில் மறுபடி சுதா. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேகமாக வந்தாள். என்னைத் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை! எழுந்து உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டேன். முப்பது வருஷத்துக்குச் சேர்த்துப் பேச ஒரு நல்ல வார்த்தையைத் தேடினேன். அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்து, உள்ளே முகத்தை நீட்டினாள்.

"ஒலையில அரிசி போட்டுகீறேன், வெந்ததும் வடிச்சிடுங்க. அடுப்படிக்கு நொண்டிக்கினு போங்க, ஜன்னலு தொறந்து கீது."